லிண்டே என்ன கம்பெனி? காற்றைப் பிரிக்கிற பிளான்ட் கட்டுகிறவர்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினெட்டு வருடமாக எனக்கு பைப்பிங் டிசைன் வேலை. அதில் பாதிக்கு மேல் ஆக்ஸிஜன், நைட்ரஜன் பிளான்ட்டுகள். கல்யாண வீடு, ரயில் பெட்டி, மொட்டை மாடி என்று எங்கே போனாலும் "நீ என்ன வேலை பாக்குற?" என்பதில் ஆரம்பித்து அதே சந்தேகங்கள் வரிசையாக வரும். 2021 கொரோனா ஆக்ஸிஜன் தட்டுப்பாட்டுக்கு அப்புறம் இன்னும் அதிகம். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டேன்.

லிண்டேயை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இந்தத் தொழிலின் பிறந்த வீடு அது. நான் அங்கே வேலை பார்த்ததில்லை.

"லிண்டேன்னா ஆக்ஸிஜன் சிலிண்டர் விக்கிற கம்பெனிதானே? அதுல என்ன இன்ஜினியரிங்?"

ஒரே பெயரில் இரண்டு கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வாயு விற்கிறது: ஆஸ்பத்திரிக்கு, வெல்டிங் பட்டறைக்கு, இரும்பாலைக்கு. இன்னொன்று, அந்த வாயுவைத் தயாரிக்கிற பிளான்ட்டையே வடிவமைத்துக் கட்டிக் கொடுக்கிறது. இரண்டாவதன் பெயர் லிண்டே இன்ஜினியரிங். ஜெர்மனியில் மியூனிக்குக்குத் தெற்கே புல்லாக் என்ற ஊரில் இருக்கிறது. இந்தியாவில் அதற்கு வதோதராவில் அலுவலகம் உண்டு. கொல்கத்தாவில் இருக்கும் லிண்டே இந்தியாவின் பழைய பெயர் பி.ஓ.சி. இந்தியா. பிரிட்டனின் பி.ஓ.சி. கம்பெனியை 2006-ல் லிண்டே வாங்கியதால் வந்த உறவு அது.

பணக் கணக்கில் வாயுக் கடைதான் அண்ணன். 2023-ல் மொத்தக் குழுமத்தின் விற்பனை சுமார் 3,300 கோடி டாலர். அதில் பிளான்ட் கட்டும் பிரிவு கொண்டுவந்தது 200 கோடிக்குச் சற்று மேல். கீழே நான் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் இந்தத் தம்பியைப் பற்றித்தான்.

"பிளான்ட் கட்டுறாங்கன்னா, மேஸ்திரி மாதிரியா?"

கல்யாண சமையல் கான்ட்ராக்டர் மாதிரி என்றால் கிட்ட வரும். அவர் அரிசி விளைவிப்பதில்லை, அண்டா வார்ப்பதில்லை. பரிமாறுகிற பையன்கள்கூட அந்த ஊர் ஆட்களாக இருப்பார்கள். ஆனால் ஆயிரம் பேருக்கு பன்னிரண்டு மணிக்குப் பந்தி என்று வாக்குக் கொடுத்தது அவர். சாம்பார் பத்தவில்லை என்றால் மாப்பிள்ளை வீட்டார் அவரைத்தான் தேடுவார்கள்.

பிளான்ட்டிலும் அப்படித்தான். மண் வெட்டுவது, கான்கிரீட் போடுவது, வெல்டிங் செய்வது எல்லாம் பெரும்பாலும் உள்ளூர் கான்ட்ராக்டர்கள். கம்ப்ரஸரை ஒரு கம்பெனி, மோட்டாரை இன்னொன்று, வால்வுகளைப் பத்துக் கம்பெனிகள் தருகின்றன. எதை எந்த அளவில் வாங்குவது, எந்தக் குழாய் எங்கே போக வேண்டும், எந்த வால்வு எந்த நொடியில் மூட வேண்டும் என்று முடிவுசெய்து, பல ஆயிரம் வரைபடங்களாக்கி, எல்லாவற்றையும் இணைத்து, ஓட்டிக் காட்டிக் கையெழுத்து வாங்குவது இவர்கள் வேலை. தன் கையை விட்டுப் போகாமல் லிண்டே வைத்திருப்பது குளிர்ந்த பகுதியை. அதற்கான அலுமினிய ஹீட் எக்ஸ்சேஞ்சர்களை (ஒரு வாயுவின் குளிரை இன்னொன்றுக்கு மாற்றும் சாதனங்கள்) பவேரியாவில் ஷால்ஹென் என்ற இடத்தில் சொந்தத் தொழிற்சாலையில் செய்கிறார்கள். வீட்டு ரசப்பொடியை மட்டும் கடையில் வாங்காத சமையல்காரர் போல.

"காத்து சும்மா கிடைக்குது. அப்புறம் ஆக்ஸிஜனுக்கு எதுக்குக் காசு?"

காற்று இலவசம், கரண்ட் இலவசமில்லை. பெரிய பிளான்ட்டில் ஒரு டன் ஆக்ஸிஜனை வாயுவாக எடுக்கச் சுமார் 200 முதல் 250 யூனிட் மின்சாரம் வேண்டும். திரவமாக வேண்டுமென்றால் அதைவிட வெகு அதிகம். தினம் 3,000 டன் எடுக்கிற பிளான்ட் என்றால், இரவு பகலாக 25 முதல் 30 மெகாவாட் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு டன் ஆக்ஸிஜனுக்கு நாலரை டன் அளவுக்குக் காற்றை உள்ளே இழுத்து அழுத்த வேண்டும், அதுதான் செலவு. அதனால்தான் இந்தத் தொழிலில் யார் ஒரு யூனிட் குறைவாகச் செலவழிக்கிறார்கள் என்பதில் போட்டி.

"சரி, காத்தை எப்படிப் பிரிக்கிறாங்க? வடிகட்டியா?"

காய்ச்சி வடிக்கிறார்கள். சாராயம் காய்ச்சுவதும் கச்சா எண்ணெயைப் பிரிப்பதும் எந்தக் கொள்கையோ, அதேதான். காற்றில் சுமார் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்ஸிஜன், ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஆர்கான். நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும். ஆர்கான் மைனஸ் 186. ஆக்ஸிஜன் மைனஸ் 183. எனவே முதலில் காற்றைத் திரவமாக்க வேண்டும். தூசி வடிகட்டி, ஐந்தாறு மடங்கு அழுத்தி, குளிர்வித்து, மாலிகுலர் சீவ் என்ற குருணைகள் நிரப்பிய தொட்டி வழியாக அனுப்புவார்கள். ஈரமும் கார்பன் டை ஆக்ஸைடும் அங்கேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் உள்ளே போய்ப் பனிக்கட்டியாக உறைந்து, குழாயை அடைத்துவிடும். அப்புறம் வெளியே போகும் குளிர்ந்த வாயு உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும். போதாத குளிரை டர்பைன் தரும்: அழுத்திய வாயுவை விரியவிட்டு வேலை வாங்கினால் அது சில்லிட்டுப் போகும்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். காய்ச்சி வடிக்க கீழே அடுப்பு வேண்டும், மேலே குளிர்ந்த நீர் வேண்டும். மைனஸ் 180 டிகிரியில் குளிர்ந்த நீருக்கு எங்கே போவது? குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் கூடினால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 120-க்குப் போகும். நைட்ரஜனும் அப்படித்தான். ஐந்தாறு மடங்கு அழுத்தத்தில் அதன் கொதிநிலை சாதாரண அழுத்தத்தில் இருக்கும் ஆக்ஸிஜனின் கொதிநிலையைத் தாண்டி மேலே வந்துவிடும். எனவே காய்ச்சி வடிக்கிற கோபுரங்கள் இரண்டில் அழுத்தமானதைக் கீழேயும், அழுத்தமில்லாததை அதன் தலையிலும் வைத்தால், கீழ்க் கோபுரத்தின் நைட்ரஜன் திரவமாகும்போது விடுகிற வெப்பம் மேல் கோபுரத்து ஆக்ஸிஜனைக் கொதிக்க வைக்கும். கீழ்வீட்டுக்காரருக்குக் குளிர்விப்பான், மேல்வீட்டுக்காரருக்கு அடுப்பு, இரண்டும் ஒரே பாத்திரம். இந்த இரட்டைக் கோபுரத்தை லிண்டே 1910-ல் கொண்டுவந்தது. இன்றைக்குக் கட்டுகிற பெரிய பிளான்ட்டிலும் நடுவில் நிற்பது அதே யோசனை.

ஆர்கான் கதை தனி. ஆக்ஸிஜனுக்கும் அதற்கும் மூன்றே டிகிரி வித்தியாசம். பிரிக்கப் பக்கத்தில் இன்னொரு உயரமான கோபுரம் வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இவை எதுவும் தெரியாது. ஐம்பது அறுபது மீட்டர் உயரத்துக்கு ஜன்னல் இல்லாத பெட்டி ஒன்று நிற்கும், அவ்வளவுதான். அதைக் கோல்டு பாக்ஸ் என்பார்கள். கோபுரங்களைச் சுற்றி உள்ளே முழுக்கப் பெர்லைட் என்ற வெள்ளைப் பொடி நிரப்பியிருக்கும். குளிர் வெளியேறாமல் இருக்க.

"லிண்டேங்கறது ஊர் பேரா, ஆள் பேரா?"

ஆள். கார்ல் ஃபான் லிண்டே, 1842-ல் பவேரியாவில் பிறந்தவர். சூரிக்கில் படிக்கும்போது மாணவர் போராட்டத்தில் கலந்துகொண்டு, பட்டம் வாங்காமலே வெளியே வந்தவர். பிறகு மியூனிக்கில் பேராசிரியராகிவிட்டார். டீசல் இன்ஜினுக்குப் பெயர் கொடுத்த ருடால்ஃப் டீசல் அவரிடம் படித்தவர், அவர் கம்பெனியிலேயே வேலையும் பார்த்தவர். ஜெர்மானியர்கள் அந்தப் பெயரை "லிண்ட" என்றுதான் முடிப்பார்கள். நம்மூரில் லிண்டே என்று நிலைத்துவிட்டது, இருக்கட்டும்.

கம்பெனியை ஆரம்பித்து வைத்தது ஆக்ஸிஜன் அல்ல, பீர். பவேரிய பீர் குளிரில் புளிக்க வேண்டியது. கோடைக்காக ஏரிப் பனிக்கட்டியை வெட்டி நிலவறையில் சேர்த்து வைப்பார்கள். ஒரு குளிர்காலம் ஏமாற்றினால் தொழில் படுத்துவிடும். லிண்டே செய்த குளிர்விக்கும் இயந்திரத்தை முதலில் வாங்கியவர்கள் பீர் ஆலைக்காரர்கள்தான். 1879-ல் வீஸ்பாடனில் தொடங்கிய கம்பெனியின் பெயரே "லிண்டேயின் பனிக்கட்டி இயந்திரச் சங்கம்" என்கிற பொருளில் இருக்கும். 1895-ல் அதே குளிர் அறிவை இன்னும் கீழே இழுத்துக் காற்றைத் திரவமாக்கினார். அதே ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் ஹாம்ப்சன் என்பவரும் ஏறக்குறைய இதே முறைக்குக் காப்புரிமை கேட்டிருந்தார். 1902-ல் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரிக்கும் பிளான்ட் ஓடியது.

"ரொம்பப் பெரிய பிளான்ட்னா எவ்வளவு பெருசு?"

கத்தாரின் ராஸ் லஃபானில் ஷெல் கம்பெனியின் பேர்ல் ஆலை இருக்கிறது. இயற்கை எரிவாயுவிலிருந்து டீசல் மாதிரியான எண்ணெய்களைச் செய்யும் இடம். அதற்கு லிண்டே எட்டு பிளான்ட்டுகளை வரிசையாகக் கட்டியது. எட்டும் சேர்ந்து நாளுக்குச் சுமார் 30,000 டன் ஆக்ஸிஜன். நம் பக்கத்தில் என்றால் ஜாம்நகர்: ரிலையன்ஸுக்காக லிண்டே கட்டிய ஐந்து, ஒவ்வொன்றும் நாளுக்கு 5,000 டன்னுக்கு மேல்.

அளவைவிட எனக்கு ஆச்சரியம் தருவது இடம். நார்வேயின் வட கோடியில், ஹாமர்ஃபெஸ்ட் பக்கத்தில் மெல்கோயா என்ற தீவு. குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியனே எழாத ஊர். அங்கே எரிவாயுவைத் திரவமாக்கும் ஆலை வேண்டும் என்றார்கள். அந்தக் குளிரில் வெல்டிங்கும் வயரிங்கும் செய்து முடிக்க ஆகிற கூலியை யோசித்துப் பாருங்கள். லிண்டே செய்த அந்த ஆலையின் மையப் பகுதியை ஸ்பெயினில் ஒரு மிதவை மேல் முழுதாகக் கட்டி, 2005-ல் ராட்சதக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய், தீவில் வெட்டி வைத்த குழியில் செருகினார்கள். 2007-ல் உற்பத்தி ஆரம்பித்தது.

"ஆக்ஸிஜன் தவிர வேற என்ன கட்டுவாங்க?"

குளிர் எங்கே வேண்டுமோ அங்கெல்லாம் இருப்பார்கள். பிளாஸ்டிக்குக்கு மூலமான எத்திலீனை எடுத்துக்கொள்ளுங்கள். கச்சா எண்ணெயிலிருந்து வரும் நாப்தாவையோ எரிவாயுவிலிருந்து வரும் ஈத்தேனையோ 800 டிகிரிக்கு மேல் உலையில் ஒரு நொடிக்கும் குறைவாகக் காட்டி உடைப்பார்கள். உடைந்த கலவையைப் பிரிக்க மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே போக வேண்டும். குஜராத் தஹேஜில் இருக்கும் ஓபல் ஆலையில் இப்படி உடைக்கிற பகுதியான கிராக்கரை லிண்டேயும் கொரியாவின் சாம்சங் இன்ஜினியரிங்கும் சேர்ந்து கட்டின. ஆண்டுக்கு 11 லட்சம் டன் எத்திலீன். இது போக ஹைட்ரஜன், ஹீலியம், இயற்கை எரிவாயுவைச் சுத்தம் செய்வது என்று போகும்.

"கொரோனா அப்போ ஆளுக்காளு ஆக்ஸிஜன் இல்லாம தவிச்சாங்களே. இவ்வளவு பெரிய கம்பெனிங்க இருந்தும் ஒரு மாசத்துல நாலு பிளான்ட் போட முடியலையா?"

இதைக் கேட்கிறவர்களில் சிலர் வீட்டில் ஆள் இழந்தவர்கள். அதனால் நிதானமாகவே சொல்கிறேன். மேலே சொன்ன இரட்டைக் கோபுர பிளான்ட்டை ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து ஓட்டிக் காட்ட இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். பெரிய கம்ப்ரஸர் ஒன்று வந்து சேரவே ஒரு வருடத்தை விழுங்கும். 2021 ஏப்ரலில் ஆர்டர் கொடுத்தால் 2023-ல்தான் காற்று பிரியும். அதனால்தான் ஏற்கெனவே நிற்பவற்றைத் தேடி ஓடினார்கள். ஜாம்நகரிலிருந்து மருத்துவ ஆக்ஸிஜன் போனது. மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜின் சோதனைக்கு இஸ்ரோ வைத்திருக்கும் வளாகத்திலிருந்து தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் திரவ ஆக்ஸிஜன் வந்தது. தூத்துக்குடியில் மூடிக் கிடந்த ஸ்டெர்லைட் ஆலையின் ஆக்ஸிஜன் பகுதியை மட்டும் இயக்க உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 27 அன்று அனுமதித்தது. அந்த ஆலைக்கு எதிரான போராட்டத்தில் உயிர் போன ஊருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பது இந்தப் பக்கத்துக்குள் அடங்காத விஷயம்.

இன்னொன்று, அன்றைக்குப் பெரிய முட்டுக்கட்டை தயாரிப்பைவிடப் போக்குவரத்து. திரவ ஆக்ஸிஜனைச் சாதாரண லாரியில் ஊற்ற முடியாது. இரட்டைச் சுவர் டேங்கர் வேண்டும், அது போதுமான எண்ணிக்கையில் இல்லை. நைட்ரஜன், ஆர்கான் டேங்கர்களை மாற்றி ஓட்டினார்கள்.

"அப்போ ஆஸ்பத்திரி பின்னாடி சின்னதா ஒண்ணு வச்சாங்களே, அது?"

அது பி.எஸ்.ஏ. பிளான்ட். அங்கே குளிரும் இல்லை, கோபுரமும் இல்லை. ஜியோலைட் குருணை நிரப்பிய தொட்டியில் காற்றை அழுத்தினால், நைட்ரஜன் குருணையில் ஒட்டிக்கொள்ளும், ஆக்ஸிஜன் வெளியே வரும். அழுத்தத்தை இறக்கினால் நைட்ரஜன் விட்டுப் போகும். இரண்டு தொட்டி மாறி மாறி. ஆர்கான் ஆக்ஸிஜனோடேயே வந்துவிடுவதால் 93 சதவீதம் அளவில் நிற்கும். கோபுர பிளான்ட்டில் 99.5-ஐத் தாண்டும். மூச்சுத் திணறும் ஆளுக்கு 93 போதும், நவீன மருத்துவம் அதை ஏற்கிறது. சில வாரங்களிலேயே நிறுவிவிடலாம் என்பது அதன் பலம். ஃபில்டரை யார் மாற்றுவது என்று யோசிக்காமல் வாங்கிய இடங்களில் திறப்பு விழா போட்டோவோடு கதை முடிந்திருக்கும்.

"காத்தைப் பிரிக்கிற இடம் எப்படி வெடிக்கும்? அதுல எரியறதுக்கு என்ன இருக்கு?"

நல்ல கேள்வி. ஆக்ஸிஜன் தானாக எரியாது, மற்றதை எரிய வைக்கும். திரவ ஆக்ஸிஜன் இருக்கும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு, ரப்பர், ஏன், மெல்லிய அலுமினியத் தகடுகூட விறகுதான். 1997 டிசம்பர் 25 அன்று மலேசியாவின் பிந்துலுவில் ஷெல் ஆலையின் காற்றுப் பிரிப்புப் பகுதி வெடித்தது. அந்த ஆண்டு இந்தோனேசியக் காட்டுத் தீயின் புகை மாதக்கணக்கில் அந்த வட்டாரத்தை மூடியிருந்தது. புகையிலிருந்த நுண்ணிய துகள்கள் வடிகட்டிகளைத் தாண்டிப் போய், ஆக்ஸிஜன் கொதிக்கும் பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கின்றன. ஒரு நாள் அது பற்றியது, அலுமினியமும் சேர்ந்து எரிந்தது. எங்கோ எரிந்த காட்டுக்கு இங்கே ஆலை வெடித்தது. அதிலிருந்து, பிளான்ட் கட்டும்போது உள்ளே இழுக்கும் காற்றில் சுற்றுவட்டாரத்தில் என்னென்ன கலக்கலாம் என்று பார்ப்பதை யாரும் சம்பிரதாயமாக நினைப்பதில்லை.

இன்னொரு வகை, தெரிந்தே வருவது. 2019 ஜூலையில் சீனாவின் யீமா நகரில் வெடித்த பிளான்ட்டில் 15 பேர் இறந்தார்கள். கோல்டு பாக்ஸுக்குள் கசிவு இருப்பது தெரிந்தும் நிறுத்தாமல் ஓட்டியிருக்கிறார்கள். நிறுத்திப் பெர்லைட்டை வெளியேற்றிச் சூடாக்கிச் சரிசெய்து மறுபடி குளிர்விக்க நாட்கணக்காகும், அத்தனை நாள் வருமானம் போகும். அந்தக் கணக்குப் போட்டால் இப்படித்தான்.

என் கண்ணால் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சைட்டில் ஆக்ஸிஜன் குழாயைச் சுத்தம் செய்து முடித்ததாக ரிப்போர்ட் வந்திருந்தது. இருட்டில் புற ஊதா விளக்கை அடித்துப் பார்த்தால், குழாய்களைப் பூட்டும் வளையமான ஃபிளாஞ்சின் உள்பக்கம் ஐந்து விரல் ரேகை பளிச்சென்று மின்னியது. யாரோ கிரீஸ் பட்ட கையால் தூக்கியிருக்கிறார்கள். முழுக் குழாயையும் திரும்பக் கழுவினோம். எல்லா எண்ணெயும் அந்த விளக்கில் மின்னாது என்பதால் வெள்ளைத் துணியால் துடைத்தும் பார்க்க வேண்டும்.

"நைட்ரஜன் நாம சுவாசிக்கிறதுதானே, அது கசிஞ்சா என்ன பயம்?"

ஆக்ஸிஜனைவிட எனக்கு நைட்ரஜனிடம்தான் பயம் அதிகம். வாசனை இல்லை, எரிச்சல் இல்லை, மூச்சு முட்டுகிற உணர்வுகூட வராது. நைட்ரஜன் நிறைந்த தொட்டிக்குள் தலையை விட்டவர் இரண்டு மூச்சில் மயங்கி விழுவார். அவரை இழுக்கக் குதித்தவரும் விழுவார். கழிவுநீர்த் தொட்டிச் சாவுகளில் நாம் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் இந்த இரண்டாவது ஆளைத்தான்.

"கட்டி முடிச்சப்புறம் சொன்ன அளவு வரலைன்னா?"

அதற்குத்தான் பெர்ஃபார்மன்ஸ் டெஸ்ட். பல ஒப்பந்தங்களில் 72 மணி நேரம் விடாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். எத்தனை டன், எவ்வளவு தூய்மை, எத்தனை யூனிட் கரண்ட் என்று மூன்றையும் அளப்பார்கள். கரண்ட் கூடினால், அடுத்த பல வருடங்களுக்கு வாடிக்கையாளருக்கு ஆகும் கூடுதல் பில்லை இன்றே கணக்கிட்டு அபராதமாகப் பிடிப்பார்கள். மூன்றாவது பதிலில் சொன்ன யூனிட் போட்டி இங்கேதான் காசாக மாறும்.

எழுதிய மாதிரி சுலபமாக நடக்காது. நான் இருந்த ஒரு டெஸ்ட் மே மாதக் கத்திரியில் வந்தது. வடிவமைப்பில் எழுதியிருந்த வெப்பநிலை ஒன்று, வெளியே வெயில் 43. சூடான காற்றை அழுத்தக் கூடுதல் கரண்ட் ஆகும், அதை எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதற்கு ஒப்பந்தத்தில் ஒரு வளைகோடு இருந்தது. ஆனால் வளைகோடு 40 டிகிரியோடு முடிந்துபோயிருந்தது! மீதி மூன்று டிகிரிக்கு இரண்டு தரப்பும் ஸ்கேலை வைத்துக் கோட்டை இழுத்துக்கொண்டு பதினோரு நாள் உட்கார்ந்திருந்தோம்.

"அடுத்தவனுக்கு பிளான்ட் கட்டிக் கொடுத்தா, இவங்க வாயு வியாபாரத்துக்கு அவனே போட்டியா வர மாட்டானா?"

வருவான். ஆனால் பெரும்பாலான வாடிக்கையாளர் இரும்பாலை, ரிஃபைனரி மாதிரி ஆட்கள். வாயுவை விற்க அவர்களுக்கு ஆசையில்லை, தங்களுக்குத் தடையில்லாமல் கிடைத்தால் போதும். அவர்களுக்கு இரண்டு வழி. பிளான்ட்டை விலைக்கு வாங்கித் தாங்களே ஓட்டலாம். அல்லது லிண்டேயையே பக்கத்து நிலத்தில் கட்டி ஓட்டச் சொல்லி, வேலிக்கு மேல் குழாய் வழியாக வாயுவை மட்டும் வாங்கலாம். இரண்டாவதில் பதினைந்து இருபது வருட ஒப்பந்தம் இருக்கும். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குறைந்தபட்சப் பணம் கட்ட வேண்டும். கம்பெனிக்குப் பிடித்தது இரண்டாவதுதான் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

தவிர, இவர்கள் மறுத்தால் கட்டிக் கொடுக்க வேறு ஆள் உண்டு. பிரான்ஸின் ஏர் லிக்விட் 1902-லிருந்து இருக்கிறது. அமெரிக்காவின் ஏர் பிராடக்ட்ஸ் இருக்கிறது, சீனாவின் ஹாங்யாங் இருக்கிறது.

"லிண்டேயும் போபால் யூனியன் கார்பைடும் ஒண்ணுன்னு ஒரு வீடியோவுல சொன்னாங்களே?"

பாதி உண்மையைத் திருகிய கதை. கார்ல் ஃபான் லிண்டேயின் முறையை வைத்து 1907-ல் அமெரிக்காவில் லிண்டே ஏர் பிராடக்ட்ஸ் என்று தனிக் கம்பெனி தொடங்கியது. 1917-ல் அது யூனியன் கார்பைடுக்குள் போய்ச் சேர்ந்தது. ஜெர்மன் லிண்டேக்கும் அதற்கும் அப்புறம் பெயர் மட்டுமே பொது. 1992-ல் யூனியன் கார்பைடு தன் வாயுப் பிரிவைப் பிராக்ஸேர் என்று தனியே விட்டது. 2018-ல் பிராக்ஸேரும் ஜெர்மன் லிண்டேயும் இணைந்தன. ஒரு நூற்றாண்டு கழித்து அண்ணன் தம்பி ஒன்று சேர்ந்த மாதிரி.

போபால் பூச்சிமருந்து ஆலையை நடத்தியது யூனியன் கார்பைடின் இந்தியக் கிளை. ஜெர்மன் லிண்டேக்கு அதில் கை இல்லை. ஆனால் 1984 டிசம்பரில் அமெரிக்க வாயுப் பிரிவு அதே தாய்க் கம்பெனியின் ஓர் அங்கமாக இருந்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

"முன்பணம் வாங்கிட்டு வேலையை விட்டுட்டுப் போக முடியுமா? ரஷ்யாவுல அப்படித்தானே ஆச்சு?"

2021-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கத்தில் உஸ்ட்-லூகாவில் எரிவாயு ஆலை கட்ட, ருஸ்கெம்அலையன்ஸ் என்ற ரஷ்ய நிறுவனம் லிண்டேயோடும் ரெனசான்ஸ் ஹெவி இண்டஸ்ட்ரீஸோடும் ஒப்பந்தங்கள் போட்டது. முன்பணமே சுமார் 200 கோடி யூரோ. 2022-ல் உக்ரைன் போர் வந்தது, ஐரோப்பியத் தடை வந்தது, வேலை நின்றது. ரஷ்யர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். தடை இருப்பதால் தர முடியாது என்பது இந்தப் பக்கத்துப் பதில்.

இங்கேதான் பேங்க் கேரண்டி நுழைகிறது. முன்பணம் கொடுக்கிறவர் சும்மா கொடுப்பதில்லை. "இவர்கள் வேலையை முடிக்காவிட்டால் நான் தருகிறேன்" என்று ஒரு வங்கி எழுதிக் கொடுக்க வேண்டும். ஜெர்மனியின் யூனிகிரெடிட் வங்கி சுமார் 42 கோடி யூரோவுக்கு எழுதிக் கொடுத்திருந்தது. வங்கியும் தடையைக் காட்டி மறுத்தது. தகராறு வந்தால் பாரிஸில் நடுவர் மன்றம், சட்டம் இங்கிலாந்துச் சட்டம் என்று பத்திரத்தில் இருந்தது. ரஷ்ய நிறுவனம் ரஷ்ய நீதிமன்றத்துக்கே போனது. அந்த வழக்கைத் தொடரக் கூடாது என்று தடுக்க இங்கிலாந்து நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2024-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது. இழுபறி அதோடு நிற்கவில்லை. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் "எந்த நாட்டுச் சட்டம், எந்த ஊர் மன்றம்" என்ற இரண்டு வரியை எங்கள் ஆட்கள் படிக்காமல் புரட்டுவார்கள். இப்போது கொஞ்சம் நின்று படிக்கிறார்கள்.

"இனிமே ஹைட்ரஜன் காலம்னு சொல்றாங்க. பழைய பிளான்ட்டெல்லாம் போயிடுமா?"

இன்றைக்கு உலகத்தில் ஹைட்ரஜனின் பெரும்பகுதி இயற்கை எரிவாயு, நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. எரிவாயு வழியில் ஒரு டன்னுக்கு ஒன்பது பத்து டன் கார்பன் டை ஆக்ஸைடு சேர்ந்து வெளியேறும். டெக்சஸின் பியூமான்ட்டில் 180 கோடி டாலரில் கட்டுவதாக 2023-ல் லிண்டே அறிவித்த பிளான்ட், அந்தக் கரியமில வாயுவைப் பிடித்து நிலத்தடியில் செலுத்துகிற வகை. கவனித்தால், அங்கேயும் எரிவாயுவை உடைக்க ஆக்ஸிஜன் வேண்டும், வரும் ஹைட்ரஜனை வைத்து அம்மோனியா செய்ய நைட்ரஜன் வேண்டும். அதனால் கோபுரம் எங்கேயும் போகாது.

"சித்தப்பா, நான் கெமிக்கல் மூணாவது வருஷம். இந்த மாதிரி கம்பெனியில சேர என்ன படிக்கணும்?"

முதலில் ஒன்று: இந்தத் தொழிலுக்கு மழைக்காலமும் உண்டு, வறட்சியும் உண்டு. ஆர்டர் குவிந்தால் கூப்பிட்டு எடுப்பார்கள், நின்றால் கான்ட்ராக்டில் இருப்பவர்களை முதலில் அனுப்புவார்கள். சென்னையில் வெளிநாட்டு பிளான்ட் கம்பெனிகளின் டிசைன் அலுவலகங்கள் நிறைய உண்டு, வதோதராவிலும் புனேயிலும் உண்டு. சாஃப்ட்வேர் கோர்ஸுக்குக் காசு கட்டும் முன், குழாய், வால்வு, அளவுக் கருவி எல்லாவற்றையும் காட்டும் பி அண்ட் ஐடி வரைபடம் ஒன்றை விரித்து வைத்து, "இந்த வால்வு மாட்டிக்கொண்டால் அடுத்து என்ன ஆகும்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார். இன்டர்வியூவில் நான் கேட்பது அதுதான். பதில் தப்பானாலும் பரவாயில்லை, யோசிக்கிற வரிசையைப் பார்ப்பேன்.

அப்புறம் உங்கப்பா என்னிடம் தனியாகக் கேட்டது: "ஃபாரின் அனுப்புவாங்களா?" அனுப்புவார்கள். ஆனால் முதல் இரண்டு வருடம் தஹேஜோ ஜாம்நகரோ பாரதீப்போ எழுதிவிடுவார்கள். போகும்போது நல்ல காதடைப்பான் ஒரு டஜன் வாங்கிக்கொண்டு போ. கம்ப்ரஸர் ஹாலில் ஸ்டோர்காரர் தருவது அரை நாளில் கழன்று விழும்.